துணையின்றி உள்ளே செல்லாதீர்

ஆகஸ்ட் 12, திங்கள்

மருந்துக் கம்பெனிக்காரர் ஜனவரியில் கொடுத்த டைரி. இழுப்பறையில் சும்மா கிடந்தது. இன்று எழுதத் தோன்றியதற்குக் காரணம், இன்று அறை திறந்தது.

அறை என்று நாங்கள் சொல்வது நிறுவனத்தின் பின்கட்டில் இருக்கும் எலிக்கூடத்தை. அதன் காற்று வெளியே வராது. வெளிக்காற்றுதான் உள்ளே இழுக்கப்பட்டு வடிகட்டி வழியாகப் போகும். கதவில் சிவப்பு எழுத்தில் 'துணையின்றி உள்ளே செல்லாதீர்' என்று இருக்கிறது. ஒருவருக்கு மயக்கம் வந்தாலோ கையுறை கிழிந்தாலோ மற்றவர் பார்க்க வேண்டும். பார்த்ததை வெளியே வந்து சொல்ல வேண்டும். என்னுடன் இருந்த பெண் கனடா போன பிறகு துணைக்கு ஆள் இல்லாமல் அறை பூட்டியே கிடந்தது. என் ஐந்து வருட வேலையும் அதற்குள் நின்றுபோயிருந்தது. மார்ச்சுக்குள் ஏதாவது காட்டுங்கள், இல்லாவிட்டால் திட்டத்தை முடித்துக்கொள்வோம் என்று இயக்குநர் சொல்லிவிட்டார்.

புதிய துணை மங்கையர்க்கரசி. மன்னார்குடிப் பக்கத்துப் பெண், ஒப்பந்த வேலை. பயிற்சியின்போதே கவனித்தேன், நல்ல கை. எலியின் வாலைப் பிடித்து இழுக்கமாட்டாள். அது தானாக உள்ளங்கைக்கு வரும்வரை பொறுப்பாள். இன்று இருவரும் உடுப்பு, இரட்டைக் கையுறை, இடுப்பில் கட்டிய மோட்டார் காற்றை வடிகட்டி ஊதும் தலைமூடி எல்லாம் போட்டுக்கொண்டு உள்ளே போனோம். மோட்டார் சத்தத்தில் உள்ளே பேச்சு கேட்காது. கையசைவுதான்.

எங்கள் கிருமி வயல் சேற்றில் வாழ்வது. மழைக்காலத்தில் கால் வெடிப்பு வழியாகவோ மூச்சு வழியாகவோ மனிதருக்குள் போகும். மெலியோய்டோசிஸ் என்று நோய்க்குப் பெயர். டாக்டர்களிலேயே பலர் கேள்விப்பட்டிருக்கமாட்டார்கள். காசநோய் என்று நினைத்து மருந்து கொடுப்பார்கள். நல்ல உடம்பை அநேகமாக விட்டுவிடும். சர்க்கரை நோய் உள்ள உடம்பு என்றால் தின்றுவிடும். அதனால் சர்க்கரை உள்ளவர்களுக்கு இந்த அறையில் அனுமதி இல்லை. மருந்தால் குணமான பிறகும் எங்கோ ஒளிந்திருந்து திரும்பி வரும். எங்கே ஒளிகிறது என்பதுதான் என் கேள்வி.

கேஸ் சிலிண்டர் புக் பண்ண வேண்டும்.

ஆகஸ்ட் 23, வெள்ளி

கிருமி ஏற்றிய எலிகளுக்கு மருந்து தொடங்கியாயிற்று. தலைமூடிக்குள் வியர்வை கண்ணில் இறங்கினால் துடைக்க முடியாது. மங்கை இன்று கூண்டு மாற்றும்போது எனக்கு முன்பே இடுக்கியை எடுத்து நீட்டினாள். பழகிவிட்டது.

செப்டம்பர் 3, செவ்வாய்

உள்ளே வேலை பாதியில் இருக்கும்போது மங்கை சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். கட்டை விரலைக் கீழ்நோக்கிக் காட்டினேன், வெளியே போகலாமா என்று. தலையாட்டினாள். குளித்து உடை மாற்றும் அறைக்கு வந்தபோது அவள் பெஞ்சில் அமர்ந்து, கை நடுங்க, சர்க்கரைப் பொட்டலத்தைப் பிரித்து அப்படியே வாயில் கொட்டிக்கொண்டிருந்தாள். திறந்த பையில் இன்சுலின் பேனா.

சர்க்கரை நோய், பதினொரு வயதிலிருந்தாம். அம்மாவைத் தவிர யாருக்கும் தெரியாது. பள்ளியில் கழிப்பறையில் போட்டுக்கொள்வாளாம், கல்லூரி விடுதியில் போர்வைக்குள். "பொண்ணுக்குச் சக்கர இருக்குன்னு ஒரு காதுக்குப் போனா ஊருக்கே போயிடும்னு அம்மா சொல்லும்" என்றாள். இங்கே சேரும்போது படிவத்தில் இல்லை என்று எழுதியிருக்கிறாள். அன்று ரத்தம் எடுக்கும் நேரத்துக்குத் தக்கபடி ஊசி போட்டுக்கொண்டு போனதால் அளவு சரியாக இருந்திருக்கிறது.

விதி இருக்கிறது என்று சொன்னேன். உன் நல்லதுக்குத்தான் என்றும் சொன்னேன்.

அவள் அழவில்லை. "நான் போயிட்டா ரூம மூடிடுவாங்கல்ல மேடம்?" என்று மட்டும் கேட்டாள்.

அந்த நினைப்பு எனக்கு வரவில்லை. அவள்தான் சொன்னாள். யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன்.

செப்டம்பர் 4, புதன்

பாதுகாப்பு அலுவலர் தாவூத் சார் படிக்கட்டில் எதிர்ப்பட்டார். புதுத் துணை எப்படி என்று கேட்டார். நன்றாகச் செய்கிறாள் என்றேன். குடியிருப்புக்குத் தண்ணீர் லாரி வராதது பற்றிக் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தோம்.

செப்டம்பர் 15, ஞாயிறு

கோயிலுக்குப் போய்விட்டு வந்தால் மங்கை வாசலில் நிற்கிறாள், கையில் வாளைமீன். நாகர்கோவில்காரியான எனக்கு மீன் இல்லாமல் ஞாயிற்றுக்கிழமை எப்படிப் போகும் என்று வாங்கி வந்தாளாம். அவளே கழுவினாள், நான் தேங்காய் அரைத்தேன். சாப்பிட உட்காரும் முன்பு என் எதிரிலேயே வயிற்றில் ஊசி போட்டுக்கொண்டாள். இன்னொருவர் பார்க்கப் போட்டுக்கொள்வது இதுதான் முதல் தடவை என்றாள். அப்போதிருந்து நான் மேடம் போய் ஹெலனக்கா ஆகிவிட்டேன்.

கும்பகோணத்தில் ஒரு வரன் முடிவாகும்போல் இருக்கிறது. கூட்டுறவு வங்கியில் வேலை. தை மாதம் வைத்துக்கொள்ளலாம் என்கிறார்களாம். அவரிடம் சொல்லப்போகிறாயா என்று கேட்டேன். கல்யாணத்துக்குப் பிறகு மெதுவாகச் சொல்லலாம் என்று அம்மா சொல்கிறாளாம். இவளுக்குப் பின்னால் ஒரு தங்கை வேறு.

நான் யோசித்துவிட்டேன். இந்தப் பெண் தன் சர்க்கரையை ஒரு நாளைக்கு எத்தனையோ முறை பார்க்கிறாள். தனக்கு என்ன இருக்கிறது என்றே தெரியாமல் அலைகிறவர்களைவிட இவள் எவ்வளவோ மேல். அறைக்குள் என்னைவிட ஜாக்கிரதை. இதைச் சொல்லி ஒரு பெண்ணின் பிழைப்பைக் கெடுக்க எனக்கு மனம் இல்லை. அவ்வளவுதான் காரணம்.

செப்டம்பர் 26, வியாழன்

கூண்டு மாற்றும்போது எலி கடித்துவிட்டது. மங்கையின் இடது ஆள்காட்டி விரலில், இரண்டு கையுறையும் தாண்டி. நான் மறுபக்கம் திரும்பி நின்றேன். என் தோளைத் தொட்டு விரலைக் காட்டினாள். கையுறைக்குள் சிவப்பு பரவிக்கொண்டிருந்தது.

இதற்கு முறை இருக்கிறது. வெளியே வந்து சோப்பும் தண்ணீருமாக நன்றாகக் கழுவ வேண்டும். கழுவினோம். தண்ணீர் சில்லிட்டு விரல் வெளுக்கும்வரை அவள் கையை நான்தான் குழாயடியில் பிடித்துக்கொண்டிருந்தேன். அடுத்து உடனே தாவூத் சாருக்குச் சொல்ல வேண்டும். அவர் ரத்தம் எடுக்க அனுப்புவார், மாத்திரை தொடங்குவார்கள், ஆளை மாதக்கணக்கில் கண்காணிப்பார்கள்.

"ரத்தம் எடுத்தா மூணு மாசச் சக்கரையும் பார்ப்பாங்க அக்கா" என்றாள். "இதுல ஊசி போட்டு ஏமாத்த முடியாது."



மாலையில் பஸ் ஏறி டவுனுக்குப் போனேன். என்னைத் தெரியாத மெடிக்கலில் அந்த மாத்திரையை மூன்று வாரத்துக்கும் சேர்த்து வாங்கினேன். முறைப்படி கொடுப்பதும் இதே மாத்திரைதான், இதே அளவுதான். கொடுக்கும் கை மட்டும் வேறு. கடித்த எலியும் மருந்து முடித்துக் குணமான கூட்டத்தைச் சேர்ந்தது. அதன் உடம்பில் கிருமி இருக்க வாய்ப்பு மிகக் குறைவு.

செப்டம்பர் 27, வெள்ளி

காய்ச்சல் இல்லை. விரலில் வீக்கம் இல்லை. மருதாணி வைத்தால் கடித்த புள்ளி தெரியாது என்று சிரித்தாள்.

அக்டோபர் 2, புதன்

காந்தி ஜெயந்தி விடுமுறை. துணி துவைத்தேன். மங்கைக்கு மாத்திரையால் வாந்தி. காய்ச்சல் இல்லை.

அக்டோபர் 5, சனி

மங்கைக்குக் கழுத்திலும் முதுகிலும் தடிப்புத் தடிப்பாக வந்துவிட்டது. அந்த மாத்திரை சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. நிறுத்தச் சொன்னேன். மாற்று மாத்திரை ஒன்று இருக்கிறது, அதை வாங்கிக் கொடுத்தேன். மூன்று வேளை சாப்பிட வேண்டியது. சாப்பிடுகிறாள் என்றுதான் நினைக்கிறேன். கேட்டால் ம் என்கிறாள். திங்கட்கிழமை வழக்கம்போல் உள்ளே போவோம்.

அக்டோபர் 17, வியாழன்

கடித்த எலி இரண்டு நாளாக மயிர் சிலிர்த்து மூலையில் ஒடுங்கியிருந்தது. இன்று அதை முறைப்படி முடித்துவிட்டு அறுத்துப் பார்த்தோம். மண்ணீரலில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள், கசகசா தூவியது போல. அதே கூட்டத்தில் இன்னும் இரண்டுக்கும் அப்படியே. மருந்து முடிந்து, குணமாகி, பிறகு திரும்பியிருக்கிறது.

ஐந்து வருடமாகத் தேடியது இதைத்தான். எங்கே ஒளிந்திருந்தது என்பதும் ஓரளவு தெரிந்துவிட்டது. கை பதறாமல் படம் எடுத்தேன், துண்டுகளைக் குப்பிகளில் போட்டேன். எல்லாம் சரியாக வந்திருக்கிறது.

மங்கை பக்கத்தில் நின்று பார்த்தாள். மண்ணீரலைப் பார்த்தாள், பிறகு தலைமூடியின் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தாள். உள்ளே பேச முடியாது. வெளியே வந்த பிறகும் பேசவில்லை. அவளுக்குப் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

அக்டோபர் 29, செவ்வாய்

தீபாவளிக்கு மங்கை ஊருக்குக் கிளம்பினாள். கொஞ்சம் இளைத்திருக்கிறாள். கல்யாணப் பெண் என்றால் அப்படித்தான் என்றேன். மழை பிடித்துக்கொண்டது. சமையலறை ஓரமாக ஒழுகுகிறது, வாளி வைத்திருக்கிறேன்.

நவம்பர் 6, புதன்

மங்கை போன் செய்தாள். ஊரிலேயே காய்ச்சல். மன்னார்குடியில் டெங்கு பார்த்தார்களாம், இல்லை. ஊசி போட்டு அனுப்பியிருக்கிறார்கள். குரல் நன்றாகத்தான் இருந்தது. ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கச் சொல், இருமல் வந்தால் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ என்று சொன்னேன். சரிக்கா என்றாள். விரலைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை. பக்கத்தில் அவள் அம்மா இருந்திருப்பாள்.

நவம்பர் 8, வெள்ளி

எங்கும் காய்ச்சலாகத்தான் இருக்கிறது. எங்கள் அலுவலகத்திலேயே நான்கு பேர் விடுப்பு. மழைக்காலம்.

நவம்பர் 12, செவ்வாய்

நேற்று மங்கையின் அம்மா தையல்நாயகி பேசினார். தஞ்சாவூரில் சேர்த்திருக்கிறார்கள். இன்று காலை முதல் பஸ்ஸில் போனேன்.

தையல்நாயகி அம்மாவை இன்றுதான் முதலில் பார்க்கிறேன். ஒல்லியான உடம்பு, ஈரம் காயாத தலையை அள்ளி முடிந்திருந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு, "பெரிய டாக்டர் நீங்க வந்துட்டீங்க, இனிமே கவலையில்ல" என்றார். நான் எலி டாக்டர் என்று எப்படிச் சொல்வது?

மங்கைக்கு மூச்சு வேகமாக இருந்தது. கண் திறந்து என்னைப் பார்த்தாள். "என்ன மக்களே" என்றேன். எங்கள் ஊரில் பிள்ளைகளை அப்படித்தான் அழைப்போம். வறண்ட உதட்டால் ஏதோ சொன்னாள், மூக்கில் வைத்த குழாய்ச் சத்தத்தில் கேட்கவில்லை.

டாக்டர் அருள்செல்வன் சின்ன வயசுக்காரர், பொறுமையாகப் பேசினார். நுரையீரல் முழுக்க வெள்ளை, ஈரலிலும் மண்ணீரலிலும் சீழ்க்கட்டிகள். காசநோயாக இருக்கலாம் என்று அதற்கு மருந்து தொடங்கியிருக்கிறார். சர்க்கரை இருப்பதை அம்மா அவரிடம் மட்டும் காதோடு சொல்லியிருக்கிறார். நான் எங்கள் வேலை என்ன என்பதையும் எங்கள் கிருமியின் பெயரையும் சொன்னேன். டெல்டா வயல் மண்ணில் உண்டு, மழைக்காலத்தில் வரும், அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள் என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "இவங்க அந்தக் கிருமியோடதானே வேலை பாக்குறாங்க? உங்க லேப்ல எதாவது நடந்துச்சா மேடம்? குத்திக்கிட்டது, கடிச்சது, அந்த மாதிரி?"

தையல்நாயகி அம்மா பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"எனக்குத் தெரிஞ்சு இல்ல" என்றேன்.

அப்படியென்றால் சோதனை முடிவு வரட்டும், இருக்கிற நிலையில் கண்டபடி மருந்தை மாற்ற முடியாது, சிறுநீரகம் வேறு தாங்க வேண்டும் என்றார். அது நியாயமான பேச்சுதான். எந்த டாக்டரும் அப்படித்தான் சொல்வார்.

திரும்பும்போது பஸ்ஸில் இடம் கிடைத்தது.

நவம்பர் 13, புதன்

காலையில் டாக்டருக்குப் போன் செய்து, முடிவுக்குக் காத்திருக்காமல் இந்த மருந்தைக் கொடுங்கள் என்று பெயர் சொன்னேன். ஏன் என்று கேட்டார். சந்தேகம் என்றேன். சற்றுப் பொறுத்து, ஆய்வகத்திலிருந்து இப்போதுதான் சொன்னார்கள், நீங்கள் சொன்ன கிருமிதான், தொடங்கியாயிற்று என்றார். ஒரு நாள் முன்னால் தெரிந்திருந்தால் நன்றாயிருக்கும் என்றார். நேற்று மாலையே அவளைச் செயற்கை சுவாசத்தில் வைத்துவிட்டார்களாம்.

அறைக்குள் போக முடியவில்லை, துணை இல்லை. தாவூத் சார் என்னோடு வந்து எலிகளுக்குத் தீனியும் தண்ணீரும் வைக்க உதவினார்.

நவம்பர் 16, சனி

விடியற்காலையில் போய்விட்டாள்.

நவம்பர் 17, ஞாயிறு

மங்கையின் ஊருக்குப் போனேன். மழை. வீட்டுக்கு இரண்டு பக்கமும் தண்ணீர் நிறைந்த வயல். கும்பகோணத்து மாப்பிள்ளை வீட்டாரும் வந்திருந்தார்கள். அந்தப் பையன் குடையை மடக்காமல் பந்தலுக்கு வெளியிலேயே நின்றான். சர்க்கரை பற்றி யாரும் பேசக் கேட்கவில்லை. மூளைக்காய்ச்சல் என்றார்கள், டெங்கு என்றார்கள். தங்கை என் மடியில் தலை வைத்து அழுதாள். தூக்கும்போது பெண்கள் தெருமுனையோடு நின்றுவிட்டோம்.

விரலைப் பார்க்கவில்லை. துணி சுற்றியிருந்தது.

நவம்பர் 26, செவ்வாய்

விசாரணை. இயக்குநர், தாவூத் சார், வெளியிலிருந்து வந்த ஒரு பேராசிரியர். இயக்குநர்தான் முதலில் பேசினார். வயல் மண்ணிலிருந்து வந்திருக்கலாம் என்று ஆஸ்பத்திரியில் நானே சொன்னதாக அவருக்குத் தகவல் வந்திருக்கிறது. ஆமாம் என்றேன். அவர் முகம் தெளிந்தது.

தாவூத் சார் காகிதம் எதையும் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். "மேடம், உள்ள நீங்க ரெண்டு பேருதான் இருந்தீங்க. ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கணும்னுதான் ரெண்டு பேர அனுப்புறோம். நீங்க ஏதும் பாக்கலையா?"

இல்லை என்றேன்.

மங்கையின் ரத்தத்தில் வளர்ந்த கிருமியை ஆஸ்பத்திரி உறுதிசெய்வதற்காக எங்களுக்கே அனுப்பியிருக்கிறது. இந்தச் சுற்றுவட்டாரத்தில் அதைப் பார்க்கத் தெரிந்த ஆய்வகம் எங்களுடையதுதான், பார்க்கத் தெரிந்த ஆள் நான்தான். நம் எலிகளுக்குக் கொடுத்த கிருமியும் அதுவும் ஒன்றா என்று மரபணுவை ஒப்பிட்டுச் சொல்லும்படி தாவூத் சார் கேட்டார். எங்களுடையது பல வருடம் முன்பு கேரளக் கடற்கரையில் ஒரு நோயாளியிடமிருந்து எடுத்தது. மன்னார்குடி வயலில் அது இருக்க வழியில்லை. ஒப்பிட்டால் தெரிந்துவிடும்.

முடிவு வரட்டும். வந்ததும் தாவூத் சாரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன். இதை எழுதிய பிறகு கொஞ்சம் சாப்பிட முடிந்தது.

டிசம்பர் 1, ஞாயிறு

கோயிலுக்குப் போகவில்லை. பதினோரு மணிவாக்கில் தையல்நாயகி அம்மா வந்தார், தனியாக, மூன்று பஸ் மாறி. மங்கை தங்கியிருந்த அறையைக் காலி செய்ய வந்தவர், என்னைப் பார்க்காமல் போக மனமில்லை என்றார். காபி கொடுத்தேன், குடிக்கவில்லை. டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே பேசினார்.

"அவளுக்குச் சக்கர இருந்தது ஒங்களுக்குத் தெரியும்னு எங்கிட்ட சொல்லியிருக்கா. ஹெலனக்கா யாருகிட்டயும் சொல்லமாட்டாங்கம்மான்னு சொல்லுவா. நீங்க ஒருத்தவங்கதான் அவ மானத்தக் காப்பாத்துனீங்க."

காபி ஆறுகிறது, குடியுங்கள் என்றேன்.

"விசாரணையெல்லாம் நடக்குதாமே. அவ போய்ட்டா, இனிமே அவளுக்கு என்ன. சின்னவ இருக்கா. அக்காளுக்கு இருந்துச்சுன்னா தங்கச்சிக்கும் இருக்கும்பாங்க, ஒருத்தன் வாசப்படி ஏற மாட்டான். இதுவரைக்கும் காப்பாத்துன மாதிரி இதையும் காப்பாத்திக் குடுத்துடுங்கம்மா."

என் காலைத் தொடக் குனிந்தார். பிடித்துத் தூக்கினேன். சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். கடித்ததை அவரிடம் மங்கை சொல்லவே இல்லை என்பது பேச்சில் தெரிந்தது. சர்க்கரையைத் தொடாமல் கடித்ததைச் சொல்ல முடியாது. ஏன் மறைத்தீர்கள் என்று கேட்பார்கள், அதற்கு ஒரே பதில்தான் இருக்கிறது.

பஸ் நிலையம்வரை கூடப் போய் ஏற்றிவிட்டேன். திரும்பி வரும்போது நடை லேசாக இருந்தது. ஏன் என்று எழுத விரும்பவில்லை.

டிசம்பர் 4, புதன்

ஒப்பீடு வந்துவிட்டது. கணினியில் இரண்டு மரபணு வரிசைகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்துப் பார்த்தேன். மதிய உணவுக்கு எல்லோரும் போயிருந்தார்கள். மறுபடியும் பார்த்தேன்.

இரண்டும் ஒன்றுதான்.

டிசம்பர் 5, வியாழன்

மாதிரி சிதைந்துவிட்டது, ஒப்பிட முடியவில்லை என்று இயக்குநரிடம் சொன்னேன். அப்படியானால் ஆஸ்பத்திரி அனுப்பிய குழாயை வைத்திருக்க வேண்டாம், அனுமதியில்லாமல் வைத்திருப்பதே தவறு, அழித்துவிடுங்கள் என்றார்.

அழிப்பதற்கும் இரண்டு பேர் வேண்டும். தாவூத் சார் வந்தார். குழாயைத் திறந்து இன்னொரு முறை முயன்று பார்க்கலாமே என்று உடுப்பு போடும் முன் கேட்டார். பயனில்லை என்றேன். பிறகு தலைமூடியை மாட்டிக்கொண்டோம், மோட்டார் ஓடத் தொடங்கியது. குழாயைப் பெட்டிக்குள் வைத்து ஆட்டோகிளேவில் ஏற்றினேன். நீராவி ஏறி இறங்கும்வரை அவர் எதிரில் நின்றார். கண்ணாடி வழியாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அழுத்தமானியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மங்கையுடையது என்று சொல்ல இந்த உலகத்தில் உயிரோடு இருந்தது அதுதான். வெளியே வந்து சூடாகக் குளித்தேன்.

டிசம்பர் 12, வியாழன்

விசாரணை முடிந்தது. சொந்த ஊரில், மழைக்கால வயல் மண்ணிலிருந்து தொற்றியதாக முடிவு. ஆய்வகத்தில் விதிமீறல் எதுவும் காணப்படவில்லை. தாவூத் சார் கையெழுத்துப் போட்டார். பிறகு மாற்றல் கேட்டு எழுதிக் கொடுத்திருப்பதாகக் கேள்வி. என்னோடு பேசுவதில்லை. 

எலிகளின் முடிவுகளைக் குழு பாராட்டியது. திட்டத்தை இன்னும் மூன்று வருடம் நீட்டித்திருக்கிறார்கள். மீதி எலிகளை இந்த வாரத்துக்குள் முடித்துவிட்டுப் புதியவை வாங்க வேண்டும்.

டிசம்பர் 19, வியாழன்

காலை அலுவலகத்துக்குக் கிளம்பும்போது தையல்நாயகி அம்மாவின் போன். சுகாதாரத்துறையிலிருந்து வந்து அவர்கள் வயலில் மண் எடுத்துப் போயிருக்கிறார்கள். காலில் செருப்பில்லாமல் இறங்கக் கூடாது என்று தண்டோரா போடாத குறையாகச் சொல்லிவிட்டுப் போனதில், களை பறிக்க ஆட்கள் வர மறுக்கிறார்களாம். கேட்டுக்கொண்டிருந்தேன். அதற்காக அவர் பேசவில்லை என்று புரிந்தது. 

"தீவாளிக்கு மறுநா தாளடி நடவு. நடவாளுங்களுக்கு டீ கொண்டு போயிக் குடுத்துட்டு வாடின்னு நாந்தான் அனுப்புனேன். காய்ச்ச வர்ற மாதிரி இருக்கும்மான்னா. சோம்பேறித்தனம் பண்றான்னு நெனச்சுப்புட்டேன். வரப்பு வழுக்கி ரெண்டு காலையும் சேத்துல வச்சுட்டு வந்தா."

மூச்சை இழுத்துக்கொண்டார்.

"அந்த மண்ணுலதான் இருந்துச்சாம்மா? நாந்தான் அனுப்பி வச்சனா?"

போனில் பின்னால் மாடு கத்தியது. யாரோ பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார்கள், தங்கையாக இருக்கும்.

"ஆமாம்மா" என்றேன். "மண்ணுலதான்."

 அவர் போனை வைக்கவில்லை. அங்கே மழை விட்டுவிட்டதா என்று கேட்டேன்.